உரத்த குரலும் ஓசையற்ற வாக்கும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மைக்கேல் ஃபுட் என்னும் பெயர் இலக்கிய அன்பர்கள் கூடிய அவையில் அயலாக ஒலிக்க வேண்டியதில்லை. ஜோனதன் ஸ்விஃப்டைப் பற்றி 1957இல் நூல் எழுதியவர். ஹாஸ்லிட்டிலும் பைரனிலும் தோய்ந்தவர். அனூரின் பெவனின் வாழ்க்கையை இரண்டு தொகுதிகளாக எழுதியவர். இதழாசிரியராக விளங்கியவர், மேடையில் கேட்டாரைப் பிணிக்கும் நாவலர். இந்திய விடுதலையின்பால் பரிவு கொண்டிருந்த ஆங்கிலேயருள் ஒருவர். இத்தகைய ஒருவரை 1980 நவம்பரில் பிரிட்டனின் தொழிற்கட்சி தன் தலைவராக ஏற்றது. 1983 ஜூன் 9ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் அக்கட்சி பெற்ற வாக்கு 27.6 விழுக்காடு. 1918க்குப் பின்னர் அத்துணைத் தாழ்ந்த விழுக்காட்டை அது கண்டதில்லை. கற்றவரும் நேர்மையாளருமாகிய ஒருவரின் தலைமையில் ஒரு பெருங்கட்சி தன் மக்களை எவ்வாறு இழந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

இழப்பின் அளவை முதலில் கண்டுகொள்வது நன்று. 1979 தேர்தலில் தொழிற்கட்சி தோற்றதெனினும், அதற்கு 1 கோடியே 15 இலட்சம் வாக்குகள் கிடைத்திருந்தன. 1983இல் அவை 84 இலட்சத்து 57 ஆயிரமாகச் சுருங்கின. நான்காண்டுகளில் முப்பது இலட்சம் வாக்குகள் அகன்றன. அவை எங்கே சென்றன? எதிரணியாகிய பழமைவாதக் கட்சிக்கு என்று எவரும் எளிதாக விடை கூறிவிடுவர். அவ்வாறாயின் அக்கட்சியின் வாக்கு பெருகியிருத்தல் வேண்டும். பெருகவில்லை, ஏறத்தாழ ஏழு இலட்சம் குறைந்தது. குறைந்த வாக்கைக் கொண்டே திருமதி தாட்சர் 397 இடங்களையும் 144 என்னும் பெரும்பான்மையையும் பெற்றார். தொழிற்கட்சியிலிருந்து தாட்சர் பக்கம் போனோரும் உண்டு. வாக்குச்சாவடிக்கே செல்லாது வீட்டிலிருந்தோரும் உண்டு. ஆனால் பெருவெள்ளம் பாய்ந்தது நடுவிலே. லிபரல் கட்சியும் புதிதாய்ப் பிறந்த சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்த கூட்டணிக்கு 78 இலட்சம் வாக்குகள் விழுந்தன. 1979இல் லிபரல் கட்சி தனித்து நின்று பெற்றது 43 இலட்சமே. (25.4 விழுக்காடு பெற்ற அக்கூட்டணிக்கு 23 இடங்கள், 27.6 விழுக்காடு பெற்ற தொழிற்கட்சிக்கு 209 இடங்கள் என்பது தொகுதிமுறையின் விந்தை. அது தனிப் பேச்சுக்குரியது.)

ஆக, தொழிற்கட்சியை விட்டுப் போனவர்களுள் பெரும்பாலோர் கொள்கை மாறிப் பகைவனின் பாசறைக்குச் சென்றவர்கள் அல்லர். இருந்த இடத்திலேயே இருந்தவர்கள். கட்சிதான் அவர்களை விட்டு நகர்ந்தது.

இந்த நகர்வு எங்கே தொடங்கிற்று? மாநாட்டு மேடையில் என்று வரலாற்று நூல்கள் கூறும். அதற்கும் முன்பாக, தொகுதிக் கிளைகளின் மாலை நேரக் கூட்டங்களில் அது தொடங்கிவிட்டது. 1970களில் பல நகரங்களில் தொழிற்கட்சியின் கிளைகள் மெலிந்து கிடந்தன. ஆயிரக்கணக்கானோர் வாக்களிக்கும் ஒரு வட்டத்தில் கூட்டத்திற்கு வருவோர் இருபது, முப்பது பேர். கூட்டம் ஏழரை மணிக்குத் தொடங்கும். நடவடிக்கைக் குறிப்பின்மீது ஒரு வினா, தீர்மானத்தின்மீது ஒரு திருத்தம், திருத்தத்தின்மீது மற்றொரு திருத்தம் என்று பொழுது கழியும். விடியலில் வேலைக்குப் போக வேண்டிய பேருந்து ஓட்டுநரும், பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டு வந்த தாயும் ஒன்பதரை மணிக்கு எழுந்து போவர். வாக்கெடுப்பு பத்து மணிக்கு மேல் நடக்கும். எஞ்சியிருந்தோர் எண்ணியதே கிளையின் தீர்மானம். இதில் சதி ஏதும் வேண்டுவதில்லை. பொறுமையும் ஓய்வுப் பொழுதும் உடையோர் வெல்லுதல் கூட்டங்களின் இயல்பு. இலக்கிய அமைப்புகளை நடத்துவோர் இதனை அறியாதவர் அல்லர்.

சதியே இல்லை என்றும் சொல்லிவிட இயலாது. ‘மிலிட்டன்ட்’ என்னும் செய்தித்தாளைச் சூழ்ந்து 1964 முதல் வளர்ந்த ட்ரொட்ஸ்கிய அணி, கட்சிக்குள் ஒரு கட்சியாகவே இயங்கியது. எனினும் இடதுசாரியினர் அனைவரையும் அவ்வணியோடு சேர்த்து எண்ணுதல் நேர்மையன்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு உண்மையான மனக்குறை ஒன்று இருந்தது. மாநாடு தீர்மானம் இயற்றும்; வில்சனும் காலகனும் ஆட்சியில் அமர்ந்து அதனைப் புறந்தள்ளுவர். பனியிலும் மழையிலும் வீடு வீடாக நடந்து வாக்குச் சேர்த்த தொண்டன், தன் சொல் அமைச்சர் செவியில் ஏறவில்லை என்று வெகுண்டால் அவ்வெகுளியில் நியாயம் இல்லையென எவர் சொல்வார்? டோனி பென் அக்குறைக்கு நா வழங்கினார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் அடுத்த தேர்தலுக்கு முன் தத்தம் தொகுதிக் கிளையினரால் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று 1979, 1980ஆம் ஆண்டு மாநாடுகள் விதி செய்தன. அவ்விதியால் உண்மையில் இடமிழந்தோர் சிலரே. ஆயினும் ஓர் உறுப்பினர் இனி யாருடைய முகத்தை நோக்கிப் பேச வேண்டும் என்பது மாறிப்போயிற்று. அதுவரை தொகுதியின் அறுபதினாயிரம் வாக்காளரை நோக்கியவர், இப்போது கிளைக்கூட்டத்து அறுபது பேரை நோக்கலானார்.

ஃபுட் தலைவரானது நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்கால். டெனிஸ் ஹீலியை 139க்கு 129 என்று வென்றார். கட்சியை உடையாமல் காக்கவல்லார் இவர் ஒருவரே என்னும் நம்பிக்கை அவ்வெற்றிக்கு உதவிற்று. ஆனால் 1981 ஜனவரி 24இல் வெம்பிளியில் கூடிய சிறப்பு மாநாடு, இனித் தலைவரைத் தேர்வதில் தொழிற்சங்கங்களுக்கு 40 விழுக்காடு, தொகுதிக் கிளைகளுக்கு 30, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 30 என்று பங்கு பிரித்தது. மறுநாளே ராய் ஜென்கின்ஸ், ஷெர்லி வில்லியம்ஸ், டேவிட் ஓவன், பில் ராஜர்ஸ் ஆகிய நால்வரும் கிழக்கு இலண்டனில் ஓவனின் லைம்ஹவுஸ் இல்லத்திலிருந்து தம் அறிக்கையை வெளியிட்டனர். மார்ச்சில் புதிய கட்சி பிறந்தது. தொழிற்கட்சி உறுப்பினர் 28 பேர் காலப்போக்கில் அதிற் சேர்ந்தனர்.

இப்பிரிவு ஓர் எச்சரிக்கை மணியாக ஒலித்திருக்க வேண்டும். மாறாக, போனவர்கள் துரோகிகள், இருப்பவர்களே தூயவர்கள் என்னும் எண்ணத்தை அது வளர்த்தது. எஞ்சிய நடுநிலையாளர் கட்சிக்குள் பேசும்போதெல்லாம் ‘நீங்களும் போகவேண்டியதுதானே?’ என்னும் ஏளனம் அவர்களை எதிர்கொண்டது. 1981 செப்டம்பரில் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டி எழுந்தது. ஹீலிக்கு 50.4 விழுக்காடு, பென்னுக்கு 49.6. ஒரு விழுக்காட்டிற்கும் குறைந்த இந்த இடைவெளிக்காகக் கட்சி ஆறு மாதம் தன்னோடு தானே பொருதது. அவ்வாறு மாதங்களில் நாட்டில் வேலையில்லாதோர் தொகை முப்பது இலட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தொழிலாளரின் கட்சி அதைப் பேசவேண்டிய வேளையில் வாக்குப் பங்கீட்டின் விதிகளைப் பேசிக்கொண்டிருந்தது.

இனி, பேசாத வாக்காளரை நோக்கலாம். அவரைப் பற்றி ஒரு தவறான கருத்து நிலவுகிறது. நடுநிலை வாக்காளர் என்றால் எல்லாப் பொருளிலும் இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே அளந்து நிற்பவர் என்று எண்ணுகின்றனர். அத்தகையவர் அரிது. ஒரே மனிதர் தேசிய மருத்துவப் பணியை உயிராகப் போற்றுவார், தூக்குத் தண்டனை மீண்டும் வரவேண்டும் என்றும் சொல்லுவார், தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருப்பார், வேலைநிறுத்தங்களை வெறுப்பார். கருத்துகள் அவரிடம் உண்டு. அவற்றை முழங்குவதில்லை. அரசியல் அவர் வாழ்வில் ஐந்தாண்டுக்கொருமுறை வந்து போகும் விருந்தாளி. கட்சிக்காரர் கதவைத் தட்டினால், ‘எப்போதும் உங்களுக்குத்தானே’ என்று சொல்லி அனுப்பிவிடுவார். அது பொய்யன்று, மரியாதை. கட்சிக்காரர் தம் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே நம்பிக்கைக் குறியிட்டுச் செல்வார். இடித்துரைப்பார் இல்லாத அரசு கெடும் என்பது தமிழர்க்குப் பழகிய நெறி. பேசாத வாக்காளரோ இடித்துரைப்பதே இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வார்.

அக்கதவைப் பற்றியே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உள்ளாட்சி மன்றங்கள் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் பிரிட்டனின் உழைக்கும் மக்களுள் மிகப் பலர் வாழ்ந்தனர். தொழிற்கட்சி பெருமையோடு கட்டிய வீடுகள் அவற்றுட் பல. ஆனால் வீடு மன்றத்துக்குச் சொந்தம். கதவுக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதையும் பல இடங்களில் மன்றமே முடிவு செய்யும். தெரு முழுதும் ஒரே வண்ணக் கதவுகள். 1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், மூன்றாண்டுகளேனும் குடியிருந்தோர்க்கு அவ்வீட்டை விலைக்கு வாங்கும் உரிமையை அளித்தது. குடியிருந்த காலத்துக்கேற்பச் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை தள்ளுபடி. இலட்சக்கணக்கான குடும்பங்கள் வாங்கின. வாங்கியவர் முதலில் செய்தது பல இடங்களில் கதவை மாற்றியதுதான். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெருவில் புதுக்கதவுகள் தோன்றின.

இத்திட்டத்தின் மீது கூறத்தக்க குறைகள் உண்மையானவை. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. பின்வந்த தலைமுறை அதற்கு விலை கொடுத்தது. தொழிற்கட்சி இதைச் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதன் 1983 தேர்தல் அறிக்கை, விற்கப்பட்ட வீடுகள் முதன்முறை மறுவிற்பனைக்கு வருங்கால் அவற்றை மன்றங்களே திரும்ப வாங்கிக்கொள்ள அதிகாரம் அளிப்பதாகக் கூறிற்று. கொள்கையாளர் அவையில் இது செம்மையான தீர்வு. ஆலையில் முப்பதாண்டு உழைத்து, கடன் பெற்று, வாழ்வில் முதன்முறையாக ஒரு சொத்துக்கு உரிமையாளராகி, கதவுக்குத் தாம் விரும்பிய வண்ணம் பூசி நிற்கும் ஒருவருக்கு இது எவ்வாறு ஒலித்திருக்கும்? தம் மகிழ்ச்சியைத் தம் கட்சியே ஒரு குற்றமாகக் கருதுகிறது என்று அவர் எண்ணியிருப்பார். அவர் கடிதம் எழுதவில்லை. கூட்டத்துக்கு வந்து எதிர்க்கவில்லை. அவர் தந்தையும் பாட்டனும் வாக்களித்த கட்சி அது.

அவ்வறிக்கையில் இன்னும் பல இருந்தன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து விலகல், அணு ஆயுதங்களைக் கைவிடல், பிரபுக்கள் அவையை ஒழித்தல், தனியார்க்கு விற்ற தொழில்களை மீட்டல். தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் வாதம் உண்டு. எல்லாம் ஒருங்கே வந்தபோது, மாநாட்டில் கையொலி பெற்ற ஒவ்வொன்றும் விடுபடாமல் சேர்க்கப்பட்ட பட்டியலாக அது தோன்றிற்று. வரலாற்றின் மிக நீண்ட தற்கொலைக் கடிதம் என்று கட்சியின் முன்னணி உறுப்பினர் ஜெரால்டு காஃப்மனே அதனைக் குறிப்பிட்டதாக வழங்கும் சொல் பெயர்பெற்றது. தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, அணு ஆயுதங்களை ஒருதலையாகக் கைவிடும் கொள்கையை முன்னாள் பிரதமர் காலகன் வெளிப்படையாக மறுத்துப் பேசினார். ஃபுட்டின் கூட்டங்களோ நிரம்பி வழிந்தன. வந்தவர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர். ஊர் ஊராகச் சென்ற முதியவர்க்கு அவ்வார்ப்பு உறுதியாக மனநிறைவு அளித்திருக்கும். வராதவர் தொகையை எந்த மேடையிலிருந்து காண்பது?

1981 நவம்பரில் போர் நினைவு நாளன்று அவர் அணிந்து வந்த குறுங்கோட்டை உழவாள் சட்டை என்பது போல ஏடுகள் எள்ளி நகையாடின. அது நல்ல விலைக்கு வாங்கிய மேலாடை. அரசியின் அன்னையார் பாராட்டினார் என்று ஃபுட்டே பின்னர் கூறியதுண்டு. ஏடுகளின் சிறுமை அது. ஆனாலும் போரில் மகனையோ தமையனையோ பறிகொடுத்த வீடுகளில் அந்த ஒரு படம் எவ்வளவு தொலைவு பயணம் செய்திருக்கும் என்பதைக் கட்சியில் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

எல்லாப் பழியையும் கட்சியின் தலையில் ஏற்றுதல் தகாது. 1982இல் ஃபாக்லாந்து தீவுப்போர் அரசின் செல்வாக்கை உயர்த்திற்று. பிரிந்து சென்ற நால்வரும் எதிர்ப்பு வாக்கைப் பிளந்தனர். இவையின்றியும் 1983இல் வெற்றி கிட்டியிருக்குமா என்பது ஐயமே. ஆனால் தோல்விக்குப் பின் கட்சிக்குள் எழுந்த ஒரு விளக்கம் கருதத்தக்கது. வெளிப்படையான சோசலிசக் கொள்கைக்கு எண்பத்தைந்து இலட்சம் பேர் வாக்களித்துள்ளனர், இது பெரும் முன்னேற்றம் என்று பென் எழுதினார். பிரிஸ்டலில் அவரே தம் இடத்தை இழந்திருந்தார். நின்றவரை எண்ணி மகிழும் கணக்கில், சென்ற முப்பது இலட்சத்துக்கு ஒரு பத்தியும் இல்லை.

மீளும் பாதை நீண்டது. நீல் கின்னாக் 1985இல் போர்ன்மத் மாநாட்டில், லிவர்ப்பூல் நகர மன்றம் தன் ஊழியர்க்கே வாடகை ஊர்திகளில் பணிநீக்க அறிவிப்பு அனுப்பிய அவலத்தை எடுத்துக் கூறி மிலிட்டன்ட் அணியை நேருக்கு நேர் கண்டித்தார். அவையில் கூச்சலும் எழுந்தது, கையொலியும் எழுந்தது. வீட்டு விற்பனை எதிர்ப்பும், ஐரோப்பிய விலகலும், ஒருதலை ஆயுதத் துறப்பும் அப்பத்தாண்டு முடிவதற்குள் ஒவ்வொன்றாய்க் கைவிடப்பட்டன. ஆயினும் 1987இல் 30.8, 1992இல் 34.4 விழுக்காடே கிடைத்தது. சாத்திய கதவு திறக்க 1997 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நான்காண்டுக் கொண்டாட்டத்துக்குப் பதினான்கு ஆண்டுத் தவம். அத்தவத்தில் கட்சி தன் உயிர்ப்பொருளையும் சிறிது விற்றுவிட்டது என்று சொல்வோரும் உளர். அவர்கள் கூற்றையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

உரத்த குரல் எப்போதும் தோல்வியையே தரும் என்று விதி செய்யவும் இயலாது. மகளிர் வாக்குரிமைக்குக் குரலெழுப்பியோர் ஒருகாலத்தில் வெறியர் எனப்பட்டனர். தொழிற்கட்சியே அத்தகைய குரலிற் பிறந்தது. 2015இல் கட்சி உறுப்பினரின் பேராதரவோடு தலைவரான ஜெரமி கார்பின், 2017இல் 40 விழுக்காடு பெற்று அறிஞர் பலரை வியக்க வைத்தார். இரண்டே ஆண்டில், 2019 டிசம்பரில், அது 32.1 ஆயிற்று, இடங்கள் 202. வடக்கு இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாய்க் கட்சியை விடாத சுரங்க ஊர்கள் பல அன்று விட்டன.

இது ஒரு சாராரின் நோயும் அன்று. வெற்றிபெற்ற பழமைவாதக் கட்சியும் தன் தலைவர் தேர்வில் இறுதிச் சொல்லை 1998 முதல் கட்சி உறுப்பினர்க்கு அளித்தது. 2001இல் அவர்கள், நாடறிந்த கென்னத் கிளார்க்கை விடுத்து, ஐரோப்பிய எதிர்ப்பில் உறுதியான இயன் டங்கன் ஸ்மித்தைத் தெரிந்தனர். பொதுத்தேர்தலைக் காணாமலே 2003இல் அவரை நாடாளுமன்ற உறுப்பினர்களே இறக்கினர். 2022இல் 81,326 கட்சி உறுப்பினர் தேர்ந்த லிஸ் ட்ரஸ், நிதிக்கு வழி கூறாத வரிக்குறைப்பை அறிவித்து, 49 நாளில் பதவி நீங்கினார். வலப்பக்கத்தில் எழுந்த சீர்திருத்தக் கட்சியின் முழக்கத்துக்கு ஈடுகொடுக்க முற்பட்டே அடுத்த ஈராண்டும் கழிந்தன. 2024 ஜூலையில் பழமைவாதக் கட்சிக்குக் கிடைத்தவை 23.7 விழுக்காடும் 121 இடங்களும். அதன் வரலாற்றில் இவ்வளவு தாழ்ந்ததில்லை. யாருடைய குரலுக்கு அஞ்சினரோ, அந்தச் சீர்திருத்தக் கட்சி 14.3 விழுக்காடு பெற்றும் ஐந்து இடங்களே வென்றது. ஓசையின்றி அகன்ற தென்னிங்கிலாந்து வாக்காளரின் துணையால் லிபரல் ஜனநாயகக் கட்சி பெற்றவை 72 இடங்கள். டேவிட் கேமரூன் ஒருகாலத்தில் வென்ற விட்னி, தெரசா மே கால் நூற்றாண்டுக்கு மேல் வென்ற மெய்டன்ஹெட், போரிஸ் ஜான்சன் முதன்முதல் நாடாளுமன்றம் புகுந்த ஹென்லி ஆகிய மூன்றும் அவ்விரவில் அக்கட்சியிடம் சென்றன.

அதே ஆண்டு அக்டோபரில் பழமைவாதக் கட்சி மீண்டும் தலைவரைத் தேடியது. முதல் நாள் வாக்கெடுப்பில் முன்னணியில் நின்றவர், நடுநிலையாளர் எனக் கருதப்பட்ட ஜேம்ஸ் கிளெவர்லி. மறுநாள் வாக்கெடுப்பில் அவர் மூன்றாமிடம் சென்று வெளியேறினார். விட்னியிலும் ஹென்லியிலும் இழந்த வாக்கை மீட்பது பற்றிய பேச்சு அன்று மிகுதியாய்க் கேட்கவில்லை. சீர்திருத்தக் கட்சிக்குச் சென்ற அந்த 14.3 விழுக்காட்டை மீட்பது எங்ஙனம் என்பதே இறுதிக்கு வந்த இருவரின் மேடைகளிலும் உரக்க ஒலித்தது.